வெட்கமும் சங்கடமும்: ஆங்கிலத் திருமறைச் சொற்கள் சில நடந்து வந்த வழி

ரோமர் 5:5இல் பவுலடியார் கிறிஸ்தவ நம்பிக்கையைக் குறித்து ஒரு வினைச்சொல்லை வழங்குகிறார். அது 'கட்டாய்ஸ்குனோ' என்னும் கிரேக்கச் சொல். 'வெட்கத்திற்கு உட்படுத்துதல்' என்பது அதன் பொருள். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை 'அஷேம்ட்' என்னும் சொல்லால் பெயர்த்தது. 1946இல் வெளிவந்த திருத்திய நியமத் திருப்புதல் அச்சொல்லை நீக்கி, 'ஏமாற்றமடையச் செய்தல்' என்னும் பொருளுடைய 'டிஸப்பாயின்ட்' என்னும் சொல்லை அவ்விடத்தில் வைத்தது. 1973இல் வந்த புதிய பன்னாட்டுத் திருப்புதலும், 1989இல் வந்த புதிய திருத்திய நியமத் திருப்புதலும் அவ்வழியே சென்றன. ஆனால் 2011இல் முன்னதும், 2021இல் பின்னதும் மீண்டும் திருத்தப்பெற்றபோது, 'ஷேம்' என்னும் பழைய சொல் தன் இடத்திற்குத் திரும்பி வந்தது.

ஒரு சொல் இவ்வாறு வெளியே போய், அரை நூற்றாண்டுக்குமேல் கழித்து மீண்டும் உள்ளே வரக் காரணம் யாது? கிரேக்க அகராதியில் மட்டும் இதற்கு விடை காண இயலாது. வெட்கத்தை உணர்த்த ஆங்கிலேயர் வழங்கிவந்த சொற்கள் பல நூற்றாண்டுகளாக மாறி வந்த வரலாற்றிலும் விடையின் ஒரு பகுதி அடங்கியுள்ளது. நம் போதகர்களும் இறையியல் மாணவர்களும் பெரும்பாலும் ஆங்கில விளக்கவுரைகளைத் துணையாகக் கொண்டே அருளுரை ஆயத்தம் செய்கின்றனர். ஆதலால் அச்சொற்கள் நடந்து வந்த வழியை நாம் அறிந்திருப்பது நலம். அவ்வழியைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. 'ஷேம்': செயலுக்கு முன்னும் பின்னும்

'ஷேம்' ஆங்கில மொழியின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அது 'ஸ்காமு' என்றும் 'ஷெயாமு' என்றும் வழங்கிற்று. ஜெர்மானிய மொழிகளிலும் ஸ்காந்திநேவிய மொழிகளிலும் அதன் உறவுச் சொற்கள் இன்றும் உள்ளன. 'மூடுதல், மறைத்தல்' என்னும் பொருளுடைய ஒரு தொன்மையான வேரிலிருந்து அது பிறந்தது எனச் சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். இது உறுதியாக நிறுவப்பட்ட முடிவன்று. எனினும் ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் இலைகளைத் தைத்துத் தங்களை மூடிக்கொண்ட இருவரையும் அறிந்த நமக்கு, வெட்கமும் மூடுதலும் இணைந்தே நிற்பது வியப்பன்று.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவேண்டும். தகாத செயலைச் செய்துவிட்டபின் வருவது ஒருவகை வெட்கம். அச்செயலைச் செய்யவொட்டாமல் முன்னரே தடுத்து நிறுத்துவது மற்றொருவகை. கிரேக்க மொழியில் முன்னது 'அய்ஸ்கூனே' எனவும், பின்னது 'அயிதோஸ்' எனவும் பெரும்பாலும் வழங்கும். பிரெஞ்சு மொழியிலும் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'ஷேம்' என்னும் ஒரே சொல் இரண்டையும் சுமந்து நிற்கிறது.

ஆனால் முற்காலத்தில் ஆங்கிலத்திற்கும் இரண்டாவது சொல் ஒன்று இருந்தது. அது 'ஷேம்ஃபாஸ்ட்' என்பது. 'ஃபாஸ்ட்' என்பதற்கு இங்கே 'உறுதியாக நிலைநிற்றல்' என்று பொருள். நாணத்தில் ஊன்றி நிற்பவன், நாணத்தால் கட்டுண்டு காக்கப்படுபவன் என்பதே அச்சொல்லின் கருத்து. 1 தீமோத்தேயு 2:9இல் 'அயிதோஸ்' வரும் இடத்தில் 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லையே வைத்தனர். பிற்காலப் பதிப்புகளில் அது 'ஷேம்ஃபேஸ்ட்' என மாறிவிட்டது. 'ஃபேஸ்' என்றால் முகம். நாணத்தில் வேரூன்றியவன் என்றிருந்த சொல், முகத்தில் வெட்கம் தோன்ற நிற்பவன் எனப் பொருள்படலாயிற்று. ஓர் எழுத்தின் பிறழ்ச்சியால் உள்ளத்தின் உறுதியைக் குறித்த சொல் முகத்தின் தோற்றத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இவ்விழப்பை நன்குணர்ந்தவர் ரிச்சர்டு செனெவிக்ஸ் டிரெஞ்சு என்னும் ஆங்கிலத் திருச்சபை அறிஞர். 1857இல் ஆங்கில அகராதிகளின் குறைபாடுகளைக் குறித்து அவர் நிகழ்த்திய உரைகளே, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி தோன்றுவதற்கு வித்திட்டன. 1864இல் டப்ளின் பேராயரான இவர், புதிய ஏற்பாட்டின் ஒருபொருட் சொற்களைப்பற்றி எழுதிய நூலில், 'ஷேம்ஃபாஸ்ட்' சிதைந்து போனதற்கு வருந்துகிறார். 'அயிதோஸ்' நல்ல மனிதனைத் தீச்செயலினின்று எப்போதும் தடுக்கும் என்றும், 'அய்ஸ்கூனே' சில வேளைகளில் தீயவனையும் தடுக்கக்கூடும் என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு பழைய வடிவத்தை மீட்டு வைத்தது. ஆயினும் மக்கள் வழக்கில் இறந்துபோன சொல்லை உயிர்ப்பிக்க அதனால் கூடவில்லை. 1946ஆம் ஆண்டுத் திருப்புதல் அடக்கத்தைக் குறிக்கும் 'மாடெஸ்ட்' என்னும் சொல்லின் வடிவமொன்றை அங்கே அமைத்தது. அச்சொல்லோ ஆங்கிலத்தில் வரவரப் பெண்டிரின் உடையைக் குறித்த பேச்சாகவே குறுகி வந்துள்ளது. இவ்வாறு, செயலுக்கு முன்னே நின்று காக்கும் நாணத்திற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இல்லாமற் போயிற்று.

2. 'கன்ஃபவுண்ட்': இலத்தீன் வழி வந்த சொல்

எபிரேயத் திருமறையில் வெட்கத்தைக் குறிக்கும் தலையாய வினைச்சொல் 'போஷ்' என்பது. மனத்திற்குள் எழும் ஓர் உணர்ச்சியை மட்டும் அது சுட்டுவதில்லை. ஒருவன் தான் நம்பியிருந்தது கைவிட்டுவிட, ஊரார் முன்னும் பகைவர் முன்னும் தலைகுனிந்து நிற்கும் நிலையை அது சுட்டுகிறது. சங்கீதம் 22:5இலும் 25:2, 3இலும் பக்தன் வேண்டுவது இதுவே. கடவுளை நம்பியவன் அந்நிலைக்கு ஆளாகக்கூடாது. அவனைப் பகைத்தவர்களே அதற்கு ஆளாகவேண்டும். வெட்கம் இங்கே ஒரு தீர்ப்பின் பெயர்.

இச்சொல்லை இலத்தீன் திருமறை பல இடங்களில் 'கன்ஃபுந்தேரே' எனப் பெயர்த்தது. 'ஒன்றாக ஊற்றிக் கலக்குதல்' என்பதே அதன் முதற்பொருள். வரிசை கலைந்து படை சிதறுவது போல மனிதன் நிலைகுலைந்து போவதை அது உணர்த்தும். ரோமர் 5:5இலும் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இச்சொல்லே உள்ளது. இதிலிருந்து பிறந்த 'கன்ஃபவுண்ட்' என்னும் சொல்லை 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பாளர் 'அஷேம்ட்' என்னும் சொல்லோடு மாற்றி மாற்றி வழங்கினர். ஏசாயா 28:16ஐ எடுத்தாளும்போது ரோமர் 9:33இலும் 1 பேதுரு 2:6இலும் வருவது ஒரே கிரேக்க வினைச்சொல். எனினும் 1611இல் முன்னதில் 'அஷேம்ட்' என்றும், பின்னதில் 'கன்ஃபவுண்ட்' என்றும் காண்கிறோம். ஒரு சொல்லுக்கு எங்கும் ஒரே சொல் என்னும் நியதிக்குத் தாங்கள் கட்டுப்படவில்லை என்பதை அம்மொழிபெயர்ப்பாளரே தங்கள் முன்னுரையில் தெரிவித்துள்ளனர்.

அக்காலத்தில் இதனால் தீங்கு இல்லை. இரு சொற்களும் ஒரே நிலையைச் சுட்டின. பின்னாளில் 'கன்ஃபவுண்ட்' என்பது அறிவுக் குழப்பத்தையும் திகைப்பையும் மட்டும் குறிக்கலாயிற்று. இன்று அப்பழைய மொழிபெயர்ப்பைப் படிக்கும் மாணவன், 1 கொரிந்தியர் 1:27இல் கடவுள் ஞானிகளைக் குழப்பினார் என்று எண்ணக்கூடும். அவர்களைத் தலைகுனியச் செய்தார் என்பதே பவுலடியாரின் கருத்து.

இதே போன்ற மற்றோர் இடம் 2 கொரிந்தியர் 4:2. அங்கே 'அய்ஸ்கூனே' என்பதை 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு 'டிஸ்ஆனஸ்டி' என்றது. அந்நாளில் 'ஆனஸ்ட்' என்றால் மதிப்புக்குரியது. ஆகவே எதிர்ச்சொல் மதிப்பின்மையை, அதாவது இழிவைக் குறித்தது. இன்றோ அது பொய்யையும் ஏமாற்றையும் குறிக்கிறது. 1881ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விடத்தில் 'ஷேம்' என்பதை வைத்துப் பொருளைக் காத்தது.

3. வெண்துகிலும் தண்டத்தூணும்

சொற்கள் நூல்களில் மட்டும் வாழ்வன அல்ல. இங்கிலாந்தில் வெட்கம் என்பது பல நூற்றாண்டுகள் கண்ணால் காணத்தக்க ஒரு சடங்காகவே இருந்தது. திருச்சபை நீதிமன்றங்கள் ஒழுக்கக்கேட்டிற்கும் அவதூறுக்கும் விதித்த தண்டனை பகிரங்க மனந்திரும்புதல் என்பது. குற்றவாளி வெண்துகில் போர்த்து, கையில் வெண்கோல் ஏந்தி, ஞாயிறு ஆராதனையில் சபையார் முன் நின்று, தம் குற்றத்தை வாய்விட்டு அறிக்கையிட வேண்டும். ஆங்கிலத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூலில், லெந்து காலத் தொடக்கத்திற்குரிய சாபக்கூற்று ஆராதனையின் முன்னுரையானது, ஆதித் திருச்சபையின் பகிரங்கத் தண்டனை ஒழுங்கை நினைவுகூர்ந்து, அது மீண்டும் நிலைபெற வேண்டும் என விரும்புகிறது.

ஸ்காத்லாந்தில் இதற்கெனத் திருச்சபைகளில் மனந்திரும்புதலின் ஆசனம் என ஓர் இருக்கை இருந்தது. பெருங்கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் மாக்லின் ஊர்த் திருச்சபையில் இத்தகைய கண்டிப்பைப் பெற்றார். அரசின் தண்டத்தூணும் இவ்வகையினதே. டேனியல் டீஃபோ 1703இல் தாம் எழுதிய ஒரு நையாண்டிப் பிரசுரத்திற்காக அதில் நிறுத்தப்பட்டார். 1816இல் பெரும்பாலான குற்றங்களுக்கு அத்தண்டனை நீக்கப்பட்டது. 1837இல் முற்றிலும் ஒழிந்தது. அவதூறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் 1855இல் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டது.

இவ்வொழுங்கின் நோக்கத்தை நாம் இழித்துரைக்கவேண்டியதில்லை. பாவம் சபையைக் காயப்படுத்துகிறது. ஆதலால் சபைமுன் அறிக்கையிட்டவனைச் சபை மீண்டும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் நடைமுறையில் ஒரு பெருங்குறை இருந்தது. பணமுடையோர் ஒரு தொகையைச் செலுத்தி இத்தண்டனையை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. வெண்துகிலின் பாரம் வழியற்றவர்மேலேயே மிகுதியாக விழுந்தது. இவ்வாறாக, அனைவருக்கும் பொதுவாக இருக்கவேண்டிய வெட்கம், எளியோருக்கு மட்டும் உரிய தண்டனையாயிற்று. திருச்சபை வெட்கத்தை ஒரு கருவியாகக் கையாளத் தொடங்கும்போது அக்கருவி யார்மேல் விழுகிறது என்னும் கேள்வி எக்காலத்திற்கும் உரியது.

4. பக்திச் சொற்கள் சமுதாயச் சொற்களாதல்

'மார்ட்டிஃபை' என்னும் சொல்லின் வரலாறு கருத்தூன்றத்தக்கது. 'சாகச் செய்தல்' என்பதே அதன் நேர்ப்பொருள். 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பில் ரோமர் 8:13இலும் கொலோசெயர் 3:5இலும் அது அப்பொருளில் வருகிறது. பியூரிட்டன் இறையியலாளர் ஜான் ஓவன் 1656இல் வெளியிட்ட நூல், விசுவாசி தன்னுள் இருக்கும் பாவத்தைச் சாகடித்தலைப்பற்றியதே. அக்காலத்துப் பக்தர் இச்சொல்லைக் கேட்டவுடன் சிலுவையை நினைத்தனர்.

ஆனால் அதே நூற்றாண்டில் இச்சொல் மற்றொரு பொருளையும் பெற்றது. பிறர் முன் ஒருவருடைய தற்பெருமை அடிபடுவது 'மார்ட்டிஃபிகேஷன்' எனப்பட்டது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் புகழ்பெற்ற புதினத்தில், நடனக்கூடத்தில் ஒரு செல்வந்தர் தன்னை மதியாமற் பேசியதைக் கேட்ட கதாநாயகி, தன் பெருமை இவ்வாறு புண்பட்டதாகக் கூறுகிறாள். இன்றைய பேச்சு வழக்கில் இப்பொருளே மிகுதியும் எஞ்சி நிற்கிறது. மனிதன் தானே மேற்கொண்ட சாவு பிறர் அவனுக்கு இழைத்த சிறு அவமதிப்பாகச் சுருங்கிவிட்டது.

'ஹியூமிலியேஷன்' என்பதும் இவ்வழியே நடந்தது. நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடைய இச்சொல், தன்னைத் தாழ்த்துதலைக் குறித்தது. 1647இல் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தார் அமைத்த சிறு வினாவிடை, கிறிஸ்துவின் பிறப்பு முதல் அடக்கம் வரையிலான நிலையை இச்சொல்லால் குறிக்கிறது. அவருடைய உயர்வு நிலைக்கு அது இணைச்சொல். உள்நாட்டுப் போரின்போது ஆங்கிலப் பாராளுமன்றம் 1642 முதல் 1649 வரை மாதந்தோறும் கடைசிப் புதன்கிழமையை நோன்பு நாளாக அனுசரித்தது. அத்தகைய நாட்கள் 'ஹியூமிலியேஷன்' நாட்கள் எனப்பட்டன. நாட்டு மக்கள் தங்கள் பாவத்திற்காகக் கடவுள் முன் தாழ்ந்து நிற்கும் நாட்கள் அவை.

இச்சொல் இருபொருளுக்கும் நடுவே தடுமாறியதை நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியில் காணலாம். 1857ஆம் ஆண்டில் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி இங்கிலாந்தை அடைந்தபோது, விக்டோரியா அரசியார் அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாளைத் தேசிய நோன்புக்கும், தாழ்த்துதலுக்கும், மன்றாட்டுக்கும் உரிய நாளாக அறிவித்தார். அன்று இலண்டன் பளிங்கு மாளிகையில், அப்போது 23 வயதினரான சார்ல்ஸ் ஸ்பர்ஜன் 23,654 பேர் கூடிய கூட்டத்திற்கு அருளுரை ஆற்றினார். இந்திய அரசாங்கத்தின் பாவங்களை அவர் கண்டித்தார். கிளர்ச்சி செய்தோர் தண்டிக்கப்படவேண்டும் என்றும் அதே உரையில் பேசினார். நாடு கடவுள் முன் தன்னைத் தாழ்த்துகிறதா, அல்லது உலகத்தின் முன் தான் பெற்ற அவமானத்தை ஆற்றிக்கொள்கிறதா? ஒரே சொல் அன்று இரண்டையும் தாங்கி நின்றது. 1940 மே 26இல் இங்கிலாந்தில் அனுசரிக்கப்பட்ட நாளோ தேசிய மன்றாட்டு நாள் என்றே பெயர் பெற்றது. இன்று ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'ஹியூமிலியேஷன்' என்றால் விளையாட்டிலோ தேர்தலிலோ போரிலோ பிறரால் அடைந்த படுதோல்வி என்றே பொருள். ஆகவே அப்போஸ்தலர் 8:33ஐ ஆங்கிலத்தில் படிக்கும் மாணவன், ஆண்டவர் தாமே மேற்கொண்ட தாழ்மையையும் பிறர் அவருக்கு இழைத்த இழிவையும் பிரித்தறியக் கற்கவேண்டும்.

5. 'எம்பாரஸ்': தடையிலிருந்து சங்கடத்திற்கு

இன்று ஆங்கிலேயர் தம் வெட்கத்தைத் தெரிவிக்க மிகுதியாக வழங்கும் சொல் 'எம்பாரஸ்ட்' என்பது. ஆங்கிலத் திருமறையின் பழைய மொழிபெயர்ப்புகளில் இச்சொல் இல்லை. 1611இல் அது அம்மொழிக்குள் நுழையவே இல்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மொழியிலிருந்து அது வந்தது. பிரெஞ்சு மொழிக்கு அது ஸ்பானிய வழக்கிலிருந்து வந்தது. வழியை அடைத்தல், தடைசெய்தல் என்பதே அதன் பழம்பொருள். கயிற்றைக் குறிக்கும் ஒரு போர்த்துகீசியச் சொல் அதன் வேர் என்று கூறுவோரும் உளர்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் சிக்கலும் குழப்பமுமே இச்சொல்லின் பொருளாகத் தரப்பட்டுள்ளன. அடுத்த நூறாண்டுகளில் பணமுடை அடைந்த கனவானைக் குறிக்க இது நயமான சொல்லாயிற்று. கடனாளி என்று சொல்ல நாணியவர்கள், அவருடைய நிலைமை 'எம்பாரஸ்ட்' என்றனர். கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கும்வரை, அந்நயமான சொல்லின் பின்னே சிறைக்கதவு நின்றது. இதற்கிடையே, பலர் முன்னிலையில் செய்வதறியாது, பேச நா எழாமல், வழி அடைபட்டவன்போல நிற்கும் நிலைக்கும் இச்சொல் வழங்கலாயிற்று.

பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். 'ஷேம்' மனிதனுடைய நிலையைப்பற்றிய தீர்ப்பு. 'எம்பாரஸ்மென்ட்' அவனுடைய நடையில் நேர்ந்த தடங்கல். முன்னதற்கு மன்னிப்பும் மீட்பும் வேண்டும். பின்னதற்குச் சிறிது நேரம் கழிந்தாற் போதும். அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், ஒருவர் பிறர் முன் தம்மைக் காட்டிக்கொண்ட வண்ணம் நிலைக்காமற் போகும்போது இச்சங்கடம் பிறக்கிறது என விளக்கினார்.

வலிய சொல் மெலிவதையும் இக்காலத்தில் காண்கிறோம். 'எவ்வளவு பரிதாபம்' என்று சொல்லவேண்டிய இடத்தில் ஆங்கிலேயர் 'ஷேம்' என்பதை வழங்குகின்றனர். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் அது இரக்கக் குறிப்பாகவே வழங்குகிறது. நம் நாட்டு மழலைப் பள்ளிகளில் அது குழந்தைகளின் கேலிச் சொல். முற்காலத்தில் போர்க்களத்தில் வீழ்வதைக் குறித்த 'கிரிஞ்ச்' என்னும் சொல்லோ இன்று இளைஞர் வாயில், பார்ப்பவருக்கே கூச்சம் தரும் எதனையும் குறிக்கிறது.

6. முகம் சிவத்தல்: ஒரு விவாதம்

வெட்கத்தால் முகம் சிவப்பதைக் குறிக்கும் 'பிளஷ்' என்னும் சொல்லும் பழமையானதே. எஸ்றா 9:6இலும் எரேமியா 6:15இலும் 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பில் அதனைக் காணலாம். 1839இல் தாமஸ் பர்ஜஸ் என்னும் மருத்துவர் இதனைப்பற்றி ஒரு நூல் எழுதினார். ஒழுக்க விதியை மீறிய ஆன்மா அதனைக் கன்னங்களில் வெளிப்படுத்துமாறு படைத்தவரே இவ்வேற்பாட்டைச் செய்தார் என்பது அவர் துணிபு. முகம், அவர் கருத்துப்படி, மனச்சான்றின் முத்திரை.

சார்ல்ஸ் டார்வின் 1872இல் மனிதர், விலங்குகள் ஆகியோரின் உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறித்து எழுதிய நூலில் இதனை மறுத்தார். குற்றமே செய்யாதவனும் குற்றஞ்சாட்டப்பட்டால் முகம் சிவக்கிறான். குற்றம் செய்தவனும் தனித்திருக்கையில் சிவப்பதில்லை. பிறர் நம்மைப்பற்றி என்ன நினைக்கின்றனர் என்னும் எண்ணமே முகத்தைச் சிவக்கச் செய்கிறது. ஒருவன் கடவுள் தன் செயலை எல்லாம் காண்கிறார் என்று நம்பி, தன் பிழையை உணர்ந்து மன்னிப்புக்காக மன்றாடலாம். அதனால் அவன் முகம் சிவக்காது என்றும் டார்வின் எழுதினார்.

உடலியலைப் பொறுத்தவரை டார்வின் கூறியதில் உண்மை உண்டு. ஆயினும் இறையியல் மாணவனுக்கு அவர் கூற்று ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. மனிதர் முன் சிவக்கும் முகம் கடவுள் முன் சிவக்கவில்லையெனில், மனிதரின் பார்வையே கடவுளின் பார்வையைவிட நமக்கு மெய்யாகத் தோன்றுகிறது என்பதன்றோ அதன் கருத்து? எஸ்றா 9ஆம் அதிகாரத்தின் மன்றாட்டு இதற்கு நேர்மாறானது. தன் மக்களின் பாவத்தைத் தன் பாவமாக ஏற்ற ஒருவன், தன் முகத்தைக் கடவுளை நோக்கி எடுக்கவும் நாணுகிறான். அங்கே காணும் கண் கடவுளின் கண்.

7. மீண்டும் திருமறைக்கு

இவ்வரலாற்றை அறிந்தபின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பார்ப்போம். லூக்கா 14:9இல் முதன்மையான இடத்தில் அமர்ந்த விருந்தாளி எழுப்பப்பட்டுத் தாழ்ந்த இடத்திற்குப் போகிறான். 1611இல் அவனுக்கு நேர்ந்தது 'ஷேம்'. நற்செய்தி ஆங்கிலத் திருப்புதலில் அவன் 'எம்பாரஸ்ட்' ஆகிறான். புதிய பன்னாட்டுத் திருப்புதலில் அவன் 'ஹியூமிலியேட்டட்' ஆகிறான். கிரேக்கச் சொல்லோ அதே 'அய்ஸ்கூனே' தான். நியாயாதிபதிகள் 3:25இல் அரசனுடைய பூட்டிய கதவின்முன் காத்திருந்த ஊழியரின் நிலைக்கு இக்காலத் திருப்புதல் 'எம்பாரஸ்மென்ட்' என்பதை வழங்குவது பொருத்தமே. அது உண்மையில் சங்கடமான நிலைதான். ஆனால் எல்லா இடங்களுக்கும் இச்சொல் பொருந்தாது.

ரோமர் 1:16ஐ எண்ணிப் பார்க்கவேண்டும். நற்செய்தி ஆங்கிலத் திருப்புதல் அங்கே வெட்கத்தைக் குறிக்கும் சொல்லையே நீக்கி, நற்செய்தியில் முழு நம்பிக்கை உண்டு என்னும் உடன்பாட்டுக் கூற்றாக மாற்றியது. கருத்துத் தவறன்று, ஆனால் இழப்பு பெரிது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரை ஆண்டவர் என அறிக்கையிடுவது உரோமைப் பேரரசின் தலைநகரில் இழிவுக்குரியது என்பதைப் பவுலடியார் அறிந்திருந்தார். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. உயிரை வாங்குவதோடு பெயரையும் அழிப்பது அதன் நோக்கம். அவ்விழிவின் நடுவில் நின்றே அவர் பேசுகிறார். எபிரெயர் 12:2இல் ஆண்டவர் அசட்டைசெய்தது அதே இழிவைத்தான். வெட்கத்தை நீக்கிவிட்டால் அங்கே தைரியம் எஞ்சும், சிலுவை மறைந்துவிடும்.

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு விடை கூறலாம். 1946இல் மொழிபெயர்ப்பாளர் 'டிஸப்பாயின்ட்' என்பதைத் தெரிந்துகொண்ட காலத்தில், ஆங்கில வாசகனுக்கு வெட்கம் என்பது பெரும்பாலும் உள்ளத்து உணர்ச்சியாகச் சுருங்கியிருந்தது. நம்பிக்கை ஒருவனுக்கு எவ்வாறு வெட்கம் தரும் என்பது அவனுக்கு எளிதில் விளங்காது. ஏமாற்றம் என்றால் விளங்கும். அதே 1946இல் ரூத் பெனடிக்ட் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் ஜப்பானியரைப்பற்றி எழுதிய நூலில், வெட்கத்தை அடிப்படையாகக் கொண்ட பண்பாடு, குற்ற உணர்வை அடிப்படையாகக் கொண்ட பண்பாடு என்று பிரித்துப் பேசினார். 1951இல் ஈ. ஆர். டாட்ஸ் கிரேக்கரை ஆராய இப்பாகுபாட்டை எடுத்தாண்டார். இப்பாகுபாடு மிக எளிமையானது என்னும் மறுப்புகள் பின்னர் எழுந்தன. ஆயினும், திருமறை உலகில் மதிப்பும் இழிவும் பெற்றிருந்த இடத்தை அறிஞர் புதிதாகக் காண அது ஒரு வாயிலாயிற்று. 1963இல் கிறிஸ்டர் ஸ்டெண்டால் எழுதிய கட்டுரை, மேல்நாட்டாரின் தன்னாய்வு மனச்சான்றைப் பவுலடியார்மேல் ஏற்றிப் படிக்கலாகாது என எச்சரித்தது. இத்தகைய ஆராய்ச்சிகள் பெருகிய பின்னரே ரோமர் 5:5இல் சங்கீதங்களின் எதிரொலி மீண்டும் கேட்கலாயிற்று. 'ஷேம்' திரும்பி வந்தது.

8. நம் பணிக்குரிய சில குறிப்புகள்

நம் தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு, ரோமர் 5:5, 9:33, 1 பேதுரு 2:6 ஆகிய மூன்று இடங்களிலும் வெட்கம் என்னும் சொல்லையே காத்து நிற்கிறது. 1 தீமோத்தேயு 2:9இல் நாணம் என்னும் சொல்லை அது வேறுபடுத்தி வழங்குகிறது. ஆங்கிலம் இழந்த வேறுபாடு நம் மொழியில் இன்னும் உயிரோடு உள்ளது. திருக்குறள் நாணுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்து, தகாத செயலுக்கு நாணுவதையே அதன் உயிராகக் கொள்கிறது. ஆதலால் ஆங்கில விளக்கவுரை 'ஏமாற்றம்' என்று சொல்வதால் தமிழ்த் திருமறையில் பிழை உண்டென்று மாணவர் முடிவுகட்டலாகாது.

அருளுரை ஆயத்தம் செய்கையில் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, இங்கே பேசப்படுவது செயலைத் தடுக்கும் நாணமா, செயலுக்குப்பின் வரும் வெட்கமா, பிறர் சுமத்திய இழிவா, அல்லது வெறும் சங்கடமா? இரண்டாவது, யாருடைய கண்முன் இது நிகழ்கிறது? மூன்றாவது, இதனை நீக்குவது யாருடைய செயல்?

மூன்றாவது கேள்வி ஆயர்பணியில் மிக இன்றியமையாதது. நம் சபைகளில் பாவம் செய்து வெட்கப்படுவோர் உளர். அவர்களுக்குப் பாவமன்னிப்பின் செய்தி உரியது. ஆனால் வறுமையாலும், பிறப்பைக் காரணங்காட்டிச் சமுதாயம் சுமத்திய இழிவாலும், நோயாலும், கைவிடப்பட்டதாலும் தலைகுனிந்து நிற்போரும் உளர். அவர்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அவர்களிடம் மன்னிப்பைப்பற்றி மட்டும் பேசும் போதகர், இழைக்கப்பட்டவரையே இழைத்தவராக்கிவிடுகிறார். அவர்களுக்குத் தேவையானது இழிவை நீக்கி நிமிர்த்தும் நற்செய்தி. நற்செய்திக்கும் வெண்துகில் ஒழுங்கிற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாகக் காணலாம். அவ்வொழுங்கு எளியோரைச் சபைமுன் நிறுத்தித் துகில் போர்த்தது. ஆதியாகமம் 3:21இல் கடவுள் வெட்கமடைந்தோருக்குத் தாமே உடை அணிவித்தார்.

எபிரெயர் நிருபம் வெட்கத்தைக் குறித்த கடைசிச் சொல்லை மனிதரைப்பற்றிக் கூறவில்லை, கடவுளைப்பற்றியே கூறுகிறது. 2:11இல் கிறிஸ்து நம்மைச் சகோதரர் என அழைக்க வெட்கப்படுவதில்லை எனவும், 11:16இல் கடவுள் தம்முடைய அந்நிய மக்களின் கடவுள் எனப்பட வெட்கப்படுவதில்லை எனவும் வாசிக்கிறோம். இவ்விடங்களில் சங்கடம் என்னும் சொல்லை வைத்துப் பார்த்தால், நாம் இழப்பது எவ்வளவு என்பது விளங்கும். தம் பெயரையும் மதிப்பையும் நம்மோடு பிணைத்துக்கொண்ட கடவுளைப்பற்றிய செய்தி அது. அச்செய்தியைச் சொல்ல நமக்கு 'வெட்கம்' என்னும் பழைய சொல் முழுப் பொருளோடும் வேண்டும். ஆயர்களும் மாணவர்களும் அதனைக் கவனமாகக் காத்து, அதன் முழுப் பொருளோடு சபையாருக்கு எடுத்து வழங்குவார்களாக.